மூன்று பம்ப்புகளும் எஸ்தர் மேடமும்

செவ்வாய்க்கிழமை காலை, எதிர்வீட்டுக்குத்தான் போன் வந்தது. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன். "சுலோச்சனா மேடம்ங்களா? மேடம் போயிட்டாங்க," என்றார் கோவிந்தசாமி. கல்யாணமாகி இத்தனை வருடங்களுக்குப் பிறகும் மனைவியை அவர் மேடம் என்றுதான் சொல்வார். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த எஸ்தர் மேடம் வீடு திரும்பவில்லை.

எங்கள் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் இயற்பியல். ஓய்வறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் அவசரமாக இட்லியை விழுங்கினால் விடமாட்டார். "மெதுவா சாப்பிடுங்க சுலோ. ஆக்டோபஸ்ஸுக்கு உணவுக்குழாய் மூளைக்கு நடுவுல போகுது. உங்களை மாதிரி முழுங்கினா அதுக்கு மூளையே கலங்கிப் போயிரும்." அதன் நரம்பு செல்களில் பாதிக்கு மேல் கைகளில்தான் இருக்கின்றனவாம். விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். "நமக்கும் அப்படி இருந்திருந்தா கை பாட்டுக்குத் திருத்தும், நாம காபி குடிக்கலாம்."

கடல் உயிரியல் பாடத்தில் மாணவிகள் சேரவில்லை, எடுத்துவிடலாம் என்று ஒரு வருடம் பேச்சு எழுந்தது. "கடலே இல்லாத ஊர்ல ஆக்டோபஸ் எதுக்குங்க?" என்று கேட்டார் முதல்வர். "சிங்கமும்தானுங்க சார் இங்க இல்ல," என்றார் எஸ்தர். சொன்னதோடு நிற்காமல், கல்லூரிக் கண்காட்சிக்கு ஆக்டோபஸ்ஸின் ரத்த ஓட்டத்தை ஓடவிட்டே காட்டுவது என்று முடிவு கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு கணபதி பகுதியில் ஒரு பம்ப் பட்டறைக்குப் போனார். அதன் முதலாளிதான் கோவிந்தசாமி. மனைவியை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர்.

"ஏனுங்க, பெரிசா ஒண்ணே போட்டா போதாதுங்களா? எதுக்கு மூணு இதயம்?" என்றார் அவர்.

"செவுளுக்குள்ள குழாய் ரொம்பப் பொடிசுங்க. அதுல பூந்து வெளிய வாரப்ப ரத்தத்துக்கு வேகம் போயிருது. அதனால செவுளுக்குத் தள்ள ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, உடம்புக்குத் தள்ள நடுவுல ஒண்ணு."

"கிணத்துல இருந்து தொட்டிக்கு ஒண்ணு, தொட்டியில இருந்து தோட்டத்துக்கு ஒண்ணுங்கற மாதிரி! இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

எஸ்தர் சிரித்த சிரிப்பில் லேத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக் குழாய், மூன்று குட்டிப் பம்ப்புகள், நீல ரத்தத்துக்குத் தண்ணீரில் கலந்த சொட்டு நீலம். நம் ரத்தத்தில் இரும்பு போல அதன் ரத்தத்தில் செம்பு. பிராணவாயு சேர்ந்தால் நீலமாகிவிடும். எல்லாம் தயார். முதல்வர் எங்கள் மேஜைக்கு வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கோவிந்தசாமி எதிர்க் கடைக்கு ஓடி, மண்ணெண்ணெய் இறைக்கும் பிளாஸ்டிக் கைப்பம்ப் மூன்று வாங்கி வந்து மாட்டினார். அவரும் நானும் செவுள் இதயங்கள். நடு இதயம் எஸ்தர்.

"இப்ப ஊர்ந்து போகுது," என்று அமுக்கிக்கொண்டே சொன்னவர், சட்டென்று கையை எடுத்தார். "இப்ப நீந்துது. நீந்தும்போது நடு இதயம் நின்னுரும். அதனாலதான் இது சீக்கிரம் களைச்சுப் போயிருது. நீந்தறதவிட ஊர்ந்து போறதுதான் இதுக்கு இஷ்டம்."

கூட்டம் கைதட்டியது. உற்சாகத்தில் நான் ஓங்கி அமுக்கிவிட, ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டு முதல்வரின் வெள்ளைச் சட்டையில் நீலம் பீய்ச்சியது. அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார்.

"இது போகுங்களா மேடம்?"

"சொட்டு நீலம்தானுங்க சார். துவைச்சா முன்னைவிட வெளுப்பாயிரும்."

முதலில் சிரித்தவர் முதல்வர்தான். பாடம் தப்பியது. அடுத்த வருடம் அந்த வகுப்பில் பெஞ்சு போதவில்லை.

அதன் பிறகு குழாயில் கசிவே இல்லாத நாட்களிலும் கோவிந்தசாமி கசிவு பார்க்க வந்தார். எஸ்தரின் அப்பா மதுக்கரைப் பக்கம் தோட்டக் கூலிக்குப் போனவர். கோவிந்தசாமியின் குடும்பத்துக்கு நிலமும் மில்லில் பங்கும் உண்டு. வீட்டில் பேசுவது தெலுங்கு. இவர் தேவாலயம், அவர் பெருமாள் கோயில். கல்யாணப் பேச்சு எழுந்ததும் கோவிந்தசாமியின் அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எஸ்தரின் தம்பி, "பெரிய எடம் அக்கா. நாளைக்கு உன்னை ஒதுக்கி வெச்சா நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று அழுதார். எஸ்தர் பல மாதங்கள் தயங்கினார். அது அவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

துடியலூரில் அவர்கள் வாழ்ந்த வீட்டில், அடக்கத்தன்று அந்த அண்ணனும் இந்தத் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி உடைந்து அழுதபோது தோளைப் பிடித்துக்கொண்டது அண்ணன்தான்.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு காலைப்பொழுதை. பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நான் நின்றேன். உறவுக்காரர் ஒருவரும் வரவில்லை. அதிகாரி எஸ்தரைப் பரிவோடு பார்த்து, "நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா?" என்றார்.

"யோசிச்சு யோசிச்சுத்தானுங்க தலை நரைச்சுப் போச்சு," என்றார் எஸ்தர். "பேனாவைக் குடுங்க."