அண்ணனின் பெடலில் மினுக்கிய விளக்கு

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, கழற்றி மாட்ட முடியாத பொருள் உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டு மின்விசிறி, அம்மாவின் மிக்சி, அப்பாவின் லோரி ரேடியோ எல்லாம் என் கையில் ஒருமுறை பிரிந்து சேர்ந்தவை. ஆகவே, கிதாருக்கு ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வேண்டும் என்று அண்ணன் சொன்னதும் நானே செய்துதருவதாகச் சொல்லிவிட்டேன். கிதாரின் சுத்தமான ஓசையைக் கரகரத்த முரட்டுக் குரலாக மாற்றும் சிறிய பெட்டி அது. காலால் அமுக்கினால் வேலை செய்யும். மறுபடி அமுக்கினால் நின்றுவிடும்.

அப்போது நாங்கள் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் வீட்டு வரிசை ஒன்றில் குடியிருந்தோம். புஞ்சாக் ஆலாமில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் பாகங்களை வாங்கிவந்தான். நான் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தேன். பெட்டிக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் டின். பெடல் வேலை செய்கிறதா இல்லையா என்று காட்ட, மூடியில் துளையிட்டு ஒரு சிவப்பு எல்இடி விளக்கு.

மறுவாரம் தஞ்சோங் காராங்கில் பெரியப்பா மகளின் கல்யாணம். மதிய விருந்தில் அண்ணனும் கூட்டாளிகளும் வாசிப்பதாக இருந்தது. முதல் பாட்டு மென்மையானது. பெடல் போட்டிருப்பது தெரியாமல் அண்ணன் கம்பியைத் தொட்டால், மணமக்கள் நடந்து வரும்போது லோரி எஞ்சின் உறுமுவதுபோல இருக்கும். அதனால் அந்த விளக்கு எங்களுக்கு முக்கியம்.

வீட்டு ஹாலில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். அண்ணன் பெடலை அமுக்கினான். விளக்கு எரியவில்லை. கம்பிகளை மீட்டினான். ஓசை நன்றாகவே கரகரத்தது. அப்போது யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அத்தை. அப்பாவின் தங்கை அவர். குழந்தையில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. எங்களோடு கைச்சாடையில்தான் பேசுவார். கண்களை அகல விரித்துக்கொண்டு டின்னைக் காட்டினார். அண்ணன் மீட்டும்போதெல்லாம் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கை நின்றதும் அணைந்தது. கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் அத்தைதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

“என்னலா இது, அமுக்குனா எரிய மாட்டேங்குது, வாசிச்சா மட்டும் மினுக்குது?” என்றான் அண்ணன்.

“நீ வாசிக்கிறத கேட்டு அது கண்ண மூடி மூடித் தொறக்குது” என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

அப்பா சிரிக்கவில்லை. “அந்த டின்ன மேடைக்குத் தூக்கிட்டு வராதீங்க. வெடிச்சி வச்சிச்சினா சம்பந்தி வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?”

“வெடிக்காதுப்பா. நாளைக்குள்ள சரியாயிடும்” என்றேன்.

பேட்டரியை மாற்றினேன், அப்படியே மினுக்கியது. விளக்கை மாற்றினேன், புதியதும் மினுக்கியது. பற்றவைத்த இடங்களை ஒரு குச்சியால் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். எல்லாம் உறுதியாக இருந்தன. பிறகு அண்ணனை மெதுவாக மீட்டச் சொன்னேன். மெல்லிய ஒளி. ஓங்கி மீட்டச் சொன்னேன். பிரகாசம். அப்போது புரிந்தது. விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வரவில்லை. கிதாரின் ஓசையிலிருந்தே வருகிறது.

இதெல்லாம் நடக்கும்போது அத்தை தையலை விட்டுவிட்டு டின்னின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். பார்வை விளக்கின் மேலேயே இருந்தது. விரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. சீக்கிரம் செய் என்று விரட்டுகிறார் என்று நினைத்தேன்.

பாகங்களைப் பற்றவைத்திருந்த துளைப் பலகையைத் திருப்பி வயரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். பேட்டரி வரிசையில் இருக்க வேண்டிய விளக்கின் வயரை, ஓசை வெளியேறும் பக்கத்து வரிசையில் பற்றவைத்திருந்தேன். ஒரு துளை தள்ளியதுதான் கோளாறு. வயரை எடுத்து மாற்றினேன். அண்ணன் அமுக்கினான், விளக்கு நின்று எரிந்தது. மறுபடி அமுக்கினான், அணைந்தது. விளக்கு திருடிக்கொண்டிருந்த ஓசையும் திரும்பி வந்ததால் பெடல் முன்னைவிட முரட்டுத்தனமாகக் கத்தியது. அப்பா வாசலில் நின்றபடி, “சரி, எடுத்துட்டு வாங்க” என்றார்.

கல்யாண மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதல் பாட்டு மென்மையாக முடிந்தது. இரண்டாவது பாட்டில் அண்ணன் பெடலை மிதித்ததும் பையன்கள் எழுந்து ஆடினார்கள். பிஸ்கட் டின்னைச் செய்தது இந்தப் பெண்தான் என்று பெரியப்பா ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார்.

அத்தை மேடையை ஒட்டிய நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, அண்ணனின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவிலேயே எழுந்து என்னிடம் வந்தார். விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டினார். பிறகு கையை மலர்த்தி, எங்கே என்று கேட்டார்.

நான் பெருமையோடு சாடை காட்டினேன்: சரிபண்ணிட்டேன், இனிமேல் அப்படி ஆகவே ஆகாது.

அத்தை மலர்த்திய கையை மடக்கிக்கொண்டார். என் கன்னத்தில் மெல்லத் தட்டிவிட்டு, பின்வரிசைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அண்ணனின் பாட்டு அவருக்குக் கேட்டது வீட்டில் விளக்கு மினுக்கிய அந்த ஒரு நாள்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குக் கிடைத்த பாராட்டுகளோடு அந்தத் தட்டலையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த மேசைக்கு நகர்ந்த பெரியப்பாவின் பின்னால் போனேன்.