அக்காவைக் கேட்டு வாங்கிய வீடு

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மலைமேல் சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருந்தோம். மகளுக்கு மூன்று வயது. மழை தொடங்கினால் அவளுக்கு இழுப்பும் தொடங்கிவிடும். வெயில் காயும் ஊருக்குப் போய்விடுங்கள் என்றார் மருத்துவர். என் கணவர் கோயமுத்தூரை அடுத்த தன் சொந்த ஊரான சித்தூர்ப் பக்கம் மாற்றல் வாங்கினார். அங்கே ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது.

விற்பவர் நயமாகப் பேசினார். கோயமுத்தூரில் கடை வைத்துக் குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டவர். வீட்டைச் சுற்றிக் காட்டியபோது சமையலறையில் ஒரு அம்மாள் குனிந்து ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு இருப்பவள் என்று நினைத்தேன்.

“வெள்ளிக்கிழமையே அட்வான்ஸ் குடுத்துருங்க. வேற ஆளுங்க கேட்டுட்டு இருக்காங்க” என்றார்.

என் கணவருக்குச் சம்மதம். எனக்குத்தான் அந்த அவசரம் பிடிக்கவில்லை. விற்பவர் இல்லாத நேரத்தில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் மத்தியானம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனேன்.

அந்த அம்மாள்தான் இறைத்துக் கொடுத்தாள். மகளுக்கு மோர் கொடுத்தாள்.

“தண்ணி நல்ல தண்ணிங்க அம்மிணி. கோடையிலயும் வத்தாது. வடக்கு ரூம்புலதான் மழைக்கு ஒழுகும், ஓடு மாத்தோணும்.”

விற்பவர் சொல்லாத ஒழுகலை இவள் சொல்கிறாளே என்று இருந்தது. “நீங்க இந்த ஊட்ல எத்தன வருசமா இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“பொறந்ததே இங்கதானுங்க. எங்கப்பன் கட்டுன ஊடு. என்ர ஊட்டுக்காரர் தவறுனதுக்கப்புறம் திரும்பி வந்துட்டேன். விக்கறவரு என்ர தம்பி.”

“வித்தா நீங்க எங்க போவீங்க?”

“ஆரும் கேக்கலீங்க” என்றாள். மகளின் வாயில் ஒட்டிய மோரை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் ஆதாரம் எழுதுகிறவரைப் பார்த்து விசாரித்து வந்தார். பத்திரத்தை அங்கே ஆதாரம் என்பார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் பங்கு உண்டு, அவள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் பின்னால் வழக்கு வரும் என்று எழுதுகிறவர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை விற்பவரிடம் நானே சொன்னேன். “ஏனுங்க, அக்காவும் கையெழுத்துப் போட்டாத்தான் நாங்க வாங்குவோம்.”

அவர் முகம் சிவந்தது. “அது எங்க ஊட்டுச் சமாச்சாரமுங்க. அக்கா எம்பேச்சத் தட்டாது.”

“அப்ப கூப்புட்டுக் கேளுங்க.”

அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். தம்பி பேப்பர் விஷயத்தைச் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள்.

“விக்கறதுன்னா வித்துக்கோ. கோயமுத்தூருக்கு நான் வரலீடா. கெணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற எடத்த எம்பேருக்கு வுட்டுரு. ரெண்டு ரூம்பு கட்டிட்டு இருந்துக்கறேன்.”

தம்பி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “உன்னக் கேக்கோணும்னே எனக்குத் தோணலியே அக்கா” என்றார். குரல் உடைந்துவிட்டது. அவள் ஈரக் கையை அவர் தோளில் வைத்தாள்.

அந்த இடத்தைக் கழித்துத்தான் ஆதாரம் எழுதினோம். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது என்று அதிலேயே எழுதச் சொன்னேன். ரிஜிஸ்தர் ஆபீசில் பெருவிரலை நீட்டச் சொன்னார்கள். அக்கா பேனாவைக் கேட்டு வாங்கி, அப்பாவின் முதலெழுத்தையும் சேர்த்து, மெதுவாகத் தன் பெயரை எழுதினாள்.

நான் அவளுக்கு உதவப் போனேன் என்று பிற்பாடு ஊரில் பேசினார்கள். உண்மையில், நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வம்பு வந்துவிடக் கூடாதே என்றுதான் கையெழுத்துக் கேட்டேன்.

அடுத்த சித்திரையில் அவள் வீட்டில் பால் காய்ச்சினோம். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். என் மகள் அன்றைக்கு முழுக்க அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கினாள்.