வைக்கலோடு வந்த பூண்டு

நெடுந்தீவு மேற்கில் ஜெனீற்றாவை எல்லோருக்கும் தெரியும். நாலு பசு வைத்திருப்பவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பால் அளக்கும்போது கை சுருங்காது. கணவன் சுபேசன் கடலுக்குப் போவான். மாடுகள் அவள் பாடு.

மழை பொய்த்த வருடம் தீவில் புல் என்ற பேச்சே இல்லாமல் போனது. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் வைக்கல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தாள். பாதியைப் பக்கத்து வளவு மயில்வாகனத்துக்குக் கொடுத்தாள். அவருடைய மாடுகள் இரண்டும் எலும்பும் தோலுமாய் நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

மாரி தொடங்கியதும் வைக்கல் போட்ட இடத்தில் கரட் இலை போல ஒரு செடி முளைத்தது. வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. வடிவாய் இருக்கிறதென்று அவளும் விட்டுவிட்டாள். அடுத்த மாரிக்குள் அது கல்வேலியைத் தாண்டி மேய்ச்சல் வெளிக்குப் போய்விட்டது. அது நின்ற இடங்களில் அறுகம்புல் தலைகாட்டவில்லை. மாடுகள் மணந்து பார்த்துவிட்டு விலகின. பசி பொறுக்காமல் தின்ற ஒரு பசுவின் பால் கைத்தது.

விவசாயக் கந்தோரிலிருந்து வந்த நிலாந்தினி செடியைப் பார்த்ததுமே பாத்தீனியம் என்றாள். வேறு நாட்டிலிருந்து வந்த களைப்பூண்டு, பக்கத்தில் எதையும் வளரவிடாது, வெறுங்கையால் தொட்டால் தோல் தடிக்கும், பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும் என்று சொன்னாள். வித்து பெரும்பாலும் வைக்கலோடுதான் வந்திருக்கும் என்றும் சொன்னாள்.

ஜெனீற்றாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. என்றாலும் பின்னேரம் மயில்வாகனத்தின் படலையைத் திறந்துகொண்டு போனாள்.

“அண்ணை, உந்தப் பூண்டு நான் கொண்டுவந்த வைக்கலோடைதான் வந்தது.”

அவர் திண்ணையிலிருந்து எழும்பி வந்தார்.

“அந்த வைக்கல் இல்லாட்டி என்ரை மாடு ரெண்டும் அப்பவே செத்திருக்கும். எங்கையிருந்து பிடுங்கத் தொடங்குவம், அதைச் சொல்லும்.”

கைகளில் பிளாஸ்ரிக் பைகளைக் கட்டிக்கொண்டு இருவரும் கிணற்றடியிலிருந்து தொடங்கினார்கள். பைக்கு மேலே முழங்கையில் அவளுக்குத் தடித்துச் சிவந்தது. தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு மறுநாளும் போனாள். கடலுக்குப் போகாத நாட்களில் சுபேசனும் வந்து குனிந்தான்.

மூன்று மாரி போய்விட்டது. கிணற்றடியிலும் வெளியின் கிழக்குப் பக்கத்திலும் அறுகு திரும்பப் படர்ந்திருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில் இருக்கும் வளவொன்றில் மட்டும் பூண்டு இடுப்பளவு நின்றது. யாரைக் கேட்பதென்று தெரியாமல் ஒரு மாரி வீணானது. இந்த முறை அவள் கேட்கவில்லை, வேலியேறிக் குதித்துவிட்டாள். பாதி வளவு முடிந்தது. மீதி பூக்குமுன் முடித்தாக வேண்டும்.