கட்டிலோடு போனவர்கள்

கொழிஞ்சாம்பாறைக்கும் எருத்தேம்பதிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் ராசம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. பால் சொசைட்டியில் காலையும் சாயங்காலமும் பால் அளக்கிறவள் அவள்தான். இடைப்பட்ட பகல் முழுக்க அவள் கையில் உப்புத்தாள் இருக்கும். பழைய சாமான் எது வந்தாலும் பழைய வார்னிஷைச் சுரண்டி, தேய்த்து, ஓட்டைக்குப் பட்டி வைத்து, பாலிஷ் போட்டுப் புதுசாக்கி விற்றுவிடுவாள். மேசை நாற்காலி எல்லாம் பேருக்குத்தான். அவளுடைய தொழில் கட்டில். அதிலும் ஆள் செத்த கட்டில்.

அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் சாகக் கிடக்கிறவரைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பாயில் கிடத்திவிடுவார்கள். உயிர் தரையில்தான் பிரிய வேண்டும். இறக்குவதற்குள் ஆள் முந்திக்கொண்டால் அந்தக் கட்டில் வீட்டுக்கு ஆகாது. தேக்கா, வேங்கையா, எத்தனை நாள் உட்கார்ந்து கடைந்த கால் என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தூக்கிப் போட்டு மழையில் நனையவிடுவார்கள். முன்பு மாசக்கணக்கில் கிடந்து செத்தார்கள், இறக்கிப் போட நேரம் இருந்தது. இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூக்கத்திலேயே போகிறவர்கள்தான் அதிகம். ராசம்மாளுக்குக் கட்டிலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அவள் புருசனும் அப்படித்தான் போனான். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் காலையில் எழவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் கட்டிலை மட்டும் மறக்காமல் கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் போனார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இவள் எப்படிப் பிழைப்பாள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. வீட்டில் இருந்ததே அந்த ஒரு கட்டில்தான். மழைக்காலம். தரை ஓதம் அடித்தது. மூன்றாம் நாள் பெண்ணுக்கு இருமல் வந்ததும் ராசம்மாள் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்படியே போட்டுப் படுக்க அவளுக்கும் மனசு வரவில்லை. மேல்பூச்சையாவது எடுத்துவிடலாம் என்று உப்புத்தாளும் ஒரு டப்பா பாலிஷும் வாங்கிவந்து உட்கார்ந்தாள். அழுவதற்குப் பதிலாகத் தேய்த்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். அழுதுகொண்டேதான் தேய்த்தாள், திட்டிக்கொண்டும் தேய்த்தாள். ஈரக்காற்றில் பாலிஷ் போட்டதால் பலகை முழுக்க வெளுத்துப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு நாளில் மரத்தின் உள்நிறம் எழுந்து வந்தது. அன்றைக்குத்தான் புருசன் செத்த பிறகு முதல்முறையாக அவளுக்கு வயிறாரச் சோறு இறங்கியது.

தாயும் மகளும் அந்தக் கட்டிலில்தான் படுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஊர்தான் மூக்கின்மேல் விரலை வைத்தது. ஆனால் அடுத்த இழவு விழுந்த வீட்டில், "ஏனுங்க ராசம்மா, அந்தக் கட்டலையும் எடுத்துட்டுப் போயிருங்க, கண்ணுல படாம இருந்தாச் சரி" என்றார்கள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கொஞ்ச நாளில் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தேய்க்கிற மெஷின் ஒன்றும் வாங்கிப் போட்டாள்.

உள்ளூரில் அவள் விற்கமாட்டாள், இங்கே யார் வாங்குவார்கள்? எல்லாம் டெம்போ ஏறி ஆனைகட்டிப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் போகும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீர் கொடுக்க வக்கில்லாதவர்கள். பழையதானாலும் தேக்காக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள். எங்கே எடுத்தது என்று யாராவது கேட்டால், "ஊடு மாத்திப் போறவிய குடுத்ததுங்க" என்று கண்ணை இமைக்காமல் சொல்லுவாள். அதில் அவளுக்குக் கூச்சமே இல்லை. மரத்துக்கு என்ன தெரியும், மனுசன்தான் பயந்தாங்கொள்ளி என்பது அவள் கட்சி. பத்துப் பதினோரு வருசத்தில் எத்தனையோ புதுப்பெண்கள் அவள் தேய்த்த கட்டிலில் குடித்தனம் தொடங்கியிருப்பார்கள். அந்த வேலையில்தான் மகள் மௌனிகாவை டிகிரி வரை படிக்கவைத்தாள். வீட்டுக்கு ஓடு மாற்றினாள். பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் யாரும் உட்காராததைப் பார்த்தும் பார்க்காதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மௌனிகாவைப் பெண்பார்க்க வந்த முதல் இரண்டு இடமும் கட்டில் விஷயம் தெரிந்ததும் கழன்றுகொண்டன. மூன்றாவதாக வந்தது அருள்குமார் வீடு. பையன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, நல்ல குணம், பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. பையனின் அம்மா முத்தாத்தாள் மட்டும் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. எழவு ஊட்டுச் சாமானத் தொட்ட கையில எங்க ஊட்டுக்கு ஒண்ணும் வரக்கூடாதுங்க. கட்டலு பீரோவெல்லாம் கடையில புதுசா எடுத்துருங்க. இந்த வேலையும் இன்னியோட விட்ருங்க. நாளைக்குப் பேரன் பேத்தி வர்ற எடமில்லீங்களா?"

ராசம்மாள் மகள் முகத்தைப் பார்த்தாள். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்றாள். மெஷினை ஒரு ஆசாரியிடம் தள்ளிவிட்டாள், பாலிஷ் டப்பாக்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். ரோஸ் கலர் பூப்போட்ட பிளைவுட் கட்டில் ஒன்றைக் கடையில் வாங்கிச் சீரோடு அனுப்பினாள். விரலால் தட்டிப் பார்த்தபோதே அந்தக் கட்டில் எத்தனை நாளைக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் யாரிடம் சொல்வது? பகலெல்லாம் கை சும்மா இருந்தது அவளுக்குத் தாங்கவில்லை. மகள் நன்றாக இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

முதல் மழைக்கே பிளைவுட் உப்பி ஒருபக்கம் இறங்கிவிட்டது. அடுத்த மாசம் முத்தாத்தாளின் வீட்டுக்காரர் கருப்புசாமி போய்ச் சேர்ந்தார். தூக்கத்தில்தான். சம்பந்தி என்ற முறையில் விடியும் முன்னே ஓடிய ராசம்மாளும் கைகொடுக்கத்தான் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கினார்கள். உடம்பு விறைத்திருந்தது.

காரியம் முடிந்து பத்து நாள் இருக்கும். ராசம்மாள் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மேலே கருப்புசாமி படுத்திருந்த தேக்குக் கட்டில். முன்சீட்டிலிருந்து முத்தாத்தாள் இறங்கினாள்.

"அவிய ஆசப்பட்டுச் செஞ்ச கட்டலுங்க. தூக்கிப்போட மனசே வருலீங்க. நீங்க ஒருக்கா நல்லாத் தேச்சுப் பாலிசு போட்டுக் குடுத்தீங்கன்னா, சின்னஞ்சிறுசுக ரூமுல போட்டுக்கலாமுங்க. ஒடைஞ்சு கெடக்கற அந்தக் கடைக் கட்டல்ல மாசமா இருக்கற புள்ள எப்பிடிப் படுக்கும்?" சொல்லிவிட்டு அவளே சேர்த்துக்கொண்டாள், "கீழ எறக்கினப்பறந்தான் உசுரு போச்சுங்க. நீங்கதான் பாத்தீங்களே."

பார்த்தாள்தான். அந்தக் கழுத்து திரும்பாமல் கிடந்ததையும் பார்த்தாள். ராசம்மாளுக்கு நியாயமாகச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். தன்னை மகள் முன்னால் தலைகுனிய வைத்தவள் இன்று தன் வாசலிலேயே வந்து நிற்கிறாள். சிரிப்பு வரவில்லை. மௌனிகாவுக்கு ஐந்தாம் மாசம். அந்தக் கட்டிலில், அந்த வயிற்றோடு. வெட்கக்கேடு, அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது, அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

"அந்த வேலையெல்லாம் மறந்துபோச்சுங்க சம்பந்தி" என்றாள். "நீங்கதான விடச் சொன்னீங்க."

தான் முடியாது என்றுவிட்டால் கட்டில் கொட்டகைக்குப் பின்னால் போய்விடும் என்று அவள் கணக்குப் போட்டாள். முத்தாத்தாள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள். டெம்போ அப்படியே திரும்பி வேறொரு பாலிஷ்காரனிடம் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருக்கும்போது மகளின் போன் வந்தது.

"ஊரான் ஊட்டுக் கட்டலையெல்லாம் தேச்சுத் தேச்சு வித்தியே, எனக்குன்னு வந்தப்ப மறந்துபோச்சா? அத்தை பழசையெல்லாம் உட்டுட்டு உன்னைத் தேடி வந்தாங்கம்மா. நீ அவிய மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசியிருக்கற. இங்க என்ற மானம் போச்சு."

ராசம்மாள் அடுத்தவர் பாலை அளந்து ஊற்றினாள். காரணம் சொன்னால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மௌனிகா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளாக ஒருநாளும் கூப்பிடவில்லை.

ஏழாம் மாசம் கட்டுச்சோறு கொண்டுபோய் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். நாள் குறிக்கப் போனபோது முத்தாத்தாள், "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மௌனிகா தன் அறையில் இருந்தாள். அந்தக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பாலிஷ்காரன் ஏனோதானோ என்று செய்திருந்தான். கால் கடைசலின் இடுக்கில் பழைய அழுக்கு அப்படியே இருக்க, மேலே கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. தலைமாட்டுப் பலகையை உப்புத்தாளே தொட்டிருக்கவில்லை.

"நல்லாத் தூக்கம் வருதா கண்ணு?" என்று கேட்டாள் ராசம்மாள்.

"இதுல வந்தப்பறந்தான் நல்லாத் தூங்கறேன். உக்காரும்மா, எதுக்கு நிக்கற?"

"இருக்கட்டும்."

"பஸ்ல நின்னுட்டே வந்திருப்ப. உக்காரு." நகர்ந்து இடம்விட்டுப் பலகையைத் தட்டினாள்.

ராசம்மாள் சுவரோரமாய்த் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தப்பு செய்துவிட்டது புரிந்தது. மகள் அவளையே பார்த்தாள்.

"ஏம்மா? மாமா செத்த கட்டலுன்னா?" குரலில் முதலில் கேலிதான் இருந்தது. "நீயா பயப்படற?"

"உனக்கு வயித்துல புள்ள இருக்குது கண்ணு. அதுக்குத்தான்..."

கேலி போய்விட்டது. மௌனிகாவுக்கு விஷயம் பிடிபட்டது. தாய் ஏன் வேலை மறந்துவிட்டது என்று சொன்னாள் என்பதும், அதற்குப் பின்னால் இருப்பதும் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஏறியது.

"அப்ப நீ வித்தியே" என்றாள் மெதுவாக. "அதுல படுத்தாங்களே, அந்தப் புள்ளைகளுக்கெல்லாம் வயிறு இல்லையாம்மா?"

மகள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கி, தாயிடமிருந்து தள்ளி, எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.