பக்கத்து வகுப்பு நசீமா டீச்சர்

நசீமா டீச்சரின் வீடு ஆம்பூரில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அவர் இறந்த செய்தி எனக்குத் தெற்கே வெகு தொலைவிலிருந்து வந்தது. அங்கே தாசில்தாராக இருக்கும் என் மகள் ஹெலன் விடிந்ததும் போன் செய்து, "அம்மா, நசீமா டீச்சர் போய்ட்டாங்களாம்" என்றாள். டீச்சரின் மருமகள் முதலில் அவளுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் ஹெலனால் பேச முடியவில்லை. அவள் அப்பா இறந்தபோதுகூட அப்படி அழுததாக எனக்கு நினைவில்லை. நான் புடவையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு தெருவையும் கடக்கும்வரை என் மனத்தில் இருந்தது ஒரே கேள்விதான்: ஏன் முதலில் அவளுக்குச் சொன்னார்கள்?

இந்த நினைவு மலரைப் படிக்கும் பழைய மாணவர்களில் பலர் எங்கள் இருவரில் ஒருவரிடம் படித்தவர்கள். ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவு என்னுடையது, பி பிரிவு அவருடையது. நடுவில் ஒரு மரத்தட்டிதான் உண்டு. நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்து வளர்ந்தவள். என் வகுப்பில் பென்சில்கள் ஒரே நீளத்தில் இருக்கும். ஒரு நல்ல குடிமகனின் கடமைகள் பத்தையும் என் பிள்ளைகள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பி பிரிவில் மூன்று கடமைகளைத் தாண்டியவர் இல்லை. அவர் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளை நான் சுட்டிக்காட்டினால் நசீமா டீச்சர், "கம்மியா எழுதட்டும் டீச்சர், ஜாஸ்தியா பேசட்டும். எழுத்து தானா வந்துடும்" என்பார். எல்லாருக்கும் தானாக வந்துவிடவில்லை என்பதை இன்றும் சொல்வேன்.

அவர் கற்பித்த விதம் வேறு. ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, வட்டமாக நறுக்கி, எண் எழுதி, கதவருகே ஆணியில் மாட்டிவைத்திருந்தார். தண்ணீர் குடிக்க, ஊஞ்சலாட, டீச்சரிடம் ஒன்று சொல்ல, எதற்கும் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். டீச்சரும் எடுப்பார். ஒருநாள் தலைமையாசிரியரான மதர் ஏதோ கேட்க உள்ளே வந்தார். ஒரு சிறுமி எழுந்து, "மதர், நம்பர் எடுத்துக்கினு நில்லுங்க" என்றாள். மதர் சிரித்துக்கொண்டே ஏழாம் எண்ணை எடுத்துக்கொண்டு நின்றார். தட்டியின் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் ஆறாவது கடமையை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்க மதர் அன்று வரவேயில்லை.

சொந்தப் பிள்ளையைச் சொந்த வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வழக்கத்தால் ஹெலன் பி பிரிவில் சேர்ந்தாள். அந்த ஆண்டு அவளுக்குக் காதுவலி வந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்கள் டோக்கன் நாற்பத்திரண்டு. அங்கே நர்ஸாக இருந்தவள் என்னோடு படித்தவள். என்னைப் பார்த்ததும் உள்ளே வரும்படி கையசைத்தாள். ஹெலன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரமாட்டேன். இந்த ஆயாவே இருவதுதான். இன்னும் கூப்புடல."

பக்கத்தில் இருந்த அந்தக் கிழவி, நெமிலிப் பக்கத்து ஊர்க்காரி, "நீ போ பாப்பா, காது வலிக்குதில்ல" என்றாள்.

"வலிச்சா வலிக்கட்டும் ஆயா. நீங்கதான் முன்னாடி வந்தீங்க."

எதிரே இருந்தவர் சிரித்தார். "வக்கீல் கணக்கா பேசுதே. எந்த ஸ்கூலும்மா?"

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. மதியம் வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே பி பிரிவுக்குப் போனேன். "என் பொண்ணுக்கு என்னையே எதிர்த்துப் பேசக் கத்துக் குடுத்திருக்கீங்க" என்றேன்.

நடந்ததைக் கேட்ட நசீமா டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "உங்கள எதிர்த்தா பேசினா டீச்சர்? அந்த ஆயாவுக்காக இல்ல பேசியிருக்கா."

"அத்தனை பேர் முன்னாடி எனக்கு எவ்ளோ அவமானம் தெரியுமா?"

"தெரியும். எனக்கு தெனம் நடக்குதே. நேத்துகூட ஒரு வாண்டு என்னைப் பின்னாடி போய் நிக்கச் சொல்லிட்டான். பேஜாராத்தான் இருக்கும் டீச்சர். அப்புறம் சரியாய்டும்."

எனக்குச் சரியாகவில்லை. மதரிடம் சொல்லி, வழக்கத்தை மீறி, ஆண்டின் நடுவில் ஹெலனை என் வகுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவள் பத்துக் கடமைகளையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்து தப்பில்லாமல் ஒப்பித்தாள். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் டப்பாவோடு பி பிரிவு வாசலில் போய் நின்றாள். நசீமா டீச்சர் அவளை உட்காரவைத்துக்கொள்வார், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சண்டை போடலாம் என்று நான் தட்டியருகே காத்திருந்தேன். அவரோ ஒவ்வொரு நாளும், "உங்க கிளாஸுக்குப் போ கண்ணு. நீ இல்லேன்னா அம்மா தேடுவாங்க" என்று திருப்பி அனுப்பினார். அதைக்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து என் தம்பி, ஹெலன் தாசில்தாராக இருக்கும் ஊரில் தான் வாங்கிய நிலத்தின் பட்டாவுக்காக அவளிடம் பேசச் சொன்னான். "மாமாவ மனு போடச் சொல்லும்மா. முன்னாடி போட்டவங்க இருக்காங்க" என்றாள் அவள். தம்பி இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் செய்தி பரவியது. பள்ளி விழா ஒன்றில் ஒரு பெற்றோர் என்னிடம் வந்து, "பொண்ண வளர்த்தா உங்கள மாதிரி வளர்க்கணும் டீச்சர்" என்றார். நசீமா டீச்சர் என் அருகில்தான் நின்றிருந்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. நான் திறக்கவில்லை. அவர்தான் சிரித்தபடி, "பின்ன? டீச்சர் பொண்ணாச்சே" என்றார். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகும் யார் யாரோ சொன்னார்கள். அப்போதும் வாங்கிக்கொண்டேன்.

அவர் உயிரோடு இருந்தபோது சொல்லாததை அச்சில் சொல்கிறேன். ஹெலனின் கையெழுத்து என்னுடையது, அவளுடைய ஆங்கிலம் என்னுடையது. ஊர் எதற்காக அவளை மதிக்கிறதோ அது நசீமா டீச்சர் கொடுத்தது. ஓர் ஆண்டுகூட முழுதாக அவரிடம் விட்டுவைக்காத பிள்ளைக்கு அவர் கொடுத்தது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவள் என் மகள்தான். இதை எழுதிய பிறகும் எனக்குப் பொறாமை குறையவில்லை. குறைந்துவிட்டது என்று எழுதினால் பொய்.

சனிக்கிழமை பள்ளியில் நடக்கும் இரங்கல் கூட்டத்துக்கு ஹெலன் வருகிறாள். ரயிலைவிட்டு இறங்கி நேராக டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு, அப்புறம்தான் என்னிடம் வருவாளாம். "உனக்குக் கோவம் இல்லியேம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். "நீ நேரா அங்க போ. நானும் அங்கயே வந்துடறேன்."