ஊசியக்காவின் வெள்ளணுக்கள்

மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் ஊசியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் ஊசி குத்தினால் வலியே தெரியாது. வாய்தான் நறுக்கென்று குத்தும்.

ஒரு மாதமாகத் தலைவலி. பிறகு இடக்கை சோதனைக்குழாயை நழுவவிட்டது. ஸ்கேன் எடுத்ததில் மூளையில் கட்டி. அங்கேயே நோயாளியாகச் சேர்ந்த அன்று வேறு யாரையும் குத்த விடாமல் தன் இரத்தத்தைத் தானே எடுத்தாள். நுண்ணோக்கியிலும் தானே பார்த்தாள். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரையால் அப்படி ஆகும் என்றார் இளம் டாக்டர்.

"மாத்திரையே நாளைக்குத்தானே டாக்டர் ஆரம்பிக்கப் போறீங்க?"

அவர் போய்ப் பெரிய டாக்டரம்மாவை அழைத்து வந்தார். டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார். கட்டி இருப்பது தலையில்தான். ஆனால் உடம்பு முழுவதன் காவலையும் அது மந்தமாக்கிவிடும். சிலருக்கு அந்த அணுக்கள் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே முடங்கிவிடுகின்றன. ஏன் என்பது முழுதாகப் பிடிபடவில்லை.

"அப்போ சாகல. பதுங்கிக் கிடக்குது."

"அப்படித்தான் நினைக்கிறோம்."

"நினைக்க வேண்டாம், எடுத்துப் பாருங்க."

தலையைத் திறந்து கட்டியை எடுப்பது போதாதா, மஜ்ஜைக்காக இடுப்பெலும்பிலும் துளை போட வேண்டுமா என்று கணவர் மன்றாடினார். எப்படியும் மயக்கத்தில்தானே கிடக்கப் போகிறேன் என்று சொல்லி அவள் கையெழுத்துப் போட்டாள்.

கட்டியில் பெரும்பகுதியை எடுத்தார்கள். மஜ்ஜையில் அந்த அணுக்கள் மண்டிக் கிடந்ததாக அறிக்கை வந்தது. தலையில் தையலோடு அதை மூன்று முறை படித்தாள்.

ஆனாலும் அவை வெளியே வரவில்லை. சிகிச்சை நடந்த மாதங்களில் இடுப்பைச் சுற்றி அக்கி, காய்ச்சல் மேல் காய்ச்சல். கணவர் ஜன்னல்களை அடைத்தார், பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினார், கடைசியில் அவள் பெயரில் ராஜினாமா கடிதமும் எழுதி நீட்டினார். அவர் கண்முன்னாலேயே அதைக் கிழித்தாள்.

"உடம்புலதாங்க எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்கு. எனக்குக் குறையல."

இடக்கை தேறவில்லை, இனி யாருக்கும் ஊசி குத்த முடியாது. நோயாளிகள் வராத உள்ளறையில் நுண்ணோக்கி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கட்டி திரும்பவும் வளரும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வளர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். கணவர் தினமும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவள் வேலை முடியும் மதியம்வரை வாசல் பெஞ்சில் காத்திருக்கிறார். போகச் சொன்னாலும் போவதில்லை.