குக்கரில் வெந்த மரத்தூள்

இவர் என் குக்கரில் மரத்தூளை வேகவைத்த அன்று நான் போட்ட சத்தம் மௌலா அலி குவார்ட்டர்ஸில் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த குக்கர். பருப்புதான் வைத்திருக்கிறார் என்று நினைத்து மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு பையில் கட்டிய ஈரத் தூள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சா? இதுல நாளைக்கு நான் சாம்பார் வெக்கணுங்க!"

"நக்கோ, கத்தாதே. கிருமி சாகணும். அப்பதான் காளான் பிடிக்கும்" என்றார் என் கணவர். இதே செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். கோபமோ கொஞ்சலோ, வேண்டாம் என்கிற அந்த நக்கோ இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

இருட்டில் தானாக ஒளிரும் காளானாம். ஆன்லைனில் விதை வரவழைத்திருந்தார். எதற்கு இந்தக் கூத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு கத்தினேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கண் டாக்டர், விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது என்று சொல்லியிருந்தார். முதலில் இருட்டுப் பார்வை போகும், பிறகு ஓரப் பார்வை. வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காளான் வெளிச்சம் ரொம்ப மங்கலாம். அது என் கண்ணுக்குத் தெரிஞ்சா, இன்னும் பத்து வருஷம் தாங்கும், பாரு." எந்த டாக்டரும் சொல்லாத கணக்கு. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

முதல் பையில் பச்சைப் பூசணம் பிடித்தது. இரண்டாவது, ஏப்ரல் வெயிலில் காய்ந்து சுருங்கியது. பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டேன்.

குளியலறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்காலி போட்டு, அதன் மேல் பையை வைத்து, ஈரச் சாக்கால் சுற்றினேன். கூலரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் ஹாலில் வெந்தோம். காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஆறவைத்த வெந்நீரைத் தெளித்தேன். சாமிக்குக்கூட நான் அவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை. "சனியனே, பிடிச்சுத் தொலையேன்" என்று தினமும் அதைத் திட்டினேன். தூள்மேல் வெள்ளையாக நூல் நூலாகப் படர ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் பரீட்சை. ஜன்னலில் அட்டை, கதவிடுக்கில் துண்டு. பையைச் சுற்றிய சாக்கை விலக்கிவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் உட்கார வேண்டும். அவர் ஸ்டூலில், நான் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில். ஒருமுறை நடுவில் காலிங்பெல் அடித்தது. இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்கக் குளியலறையிலிருந்து வெளியே வந்ததைப் பக்கத்து வீட்டம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்று மட்டும் நாங்கள் சிரித்தோம்.

ஐந்தாவது ஞாயிறு. முதலில் என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மூடித் திறந்தேன். இருந்தது. பை முழுக்க, மங்கலான பச்சை. ஐயோ, பிடித்துவிட்டது! கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

"பையை எங்கே வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

அவர் முகத்துக்கு நேரே இருந்தது பை. கையை நீட்டித் துழாவினார். பையைத் தொட்டதும் குனிந்து, மூக்கு இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அந்தப் பச்சைமேல் அவருடைய ஐந்து விரலும் கறுப்பாகத் தெரிந்தன.

"உனக்கு ஏதாவது தெரியுதா?"

"இல்லீங்க" என்றேன். "ஒண்ணும் தெரியல. கும்மிருட்டு."

"அப்பாடா!" என்று மூச்சை விட்டார். "அப்ப பைதான் மக்கர். நான் பயந்தே போயிட்டேன்டி."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அழுகிற முகத்தை மறைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போமா?"

"ஹவ், பாப்போம்" என்றேன், அவர் பாஷையிலேயே.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அந்தப் பையைப் பேப்பரில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டேன். நன்றாக உயிரோடு இருந்தது. என் கையால் வளர்த்தது. மனசு கேட்கவில்லைதான்.

சாயங்காலம் மர டிப்போவிலிருந்து புதிதாகத் தூள் வாங்கிக்கொண்டு வந்தார். சமையலறை வாசலில் நின்று, "குக்கரை எடுத்துக்கட்டுமா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

நானே கழுவி, கேஸ்கெட் மாட்டிக் கொடுத்தேன்.